வினையெச்சத்தில் ஒரு விரிசல்

கரியாஹாட் மேம்பாலத்துக்கு அடியில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறவர்களைத் தவிர இந்தப் பகுதியில் எல்லோருக்கும் அவசரம். ஆகஸ்ட் பிறந்தால் நடைபாதைப் புடவைக் கடைகளில் துர்கா பூஜைக் கூட்டம் தொடங்கிவிடும். அந்த நெரிசலிலிருந்து தப்பித்துக் கால் மணி நேரம் நடந்தால் ரவீந்திர சரோவர் வரும். 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் சதுப்பு நிலத்தை வெட்டி உண்டாக்கிய ஏரி அது. 1958-ல் தாகூரின் பெயரைச் சூட்டினார்கள். அக்கம்பக்கத்தில் இன்றும் அது வெறும் 'லேக்'தான். லேக் மார்க்கெட்டுக்கு வாழைப்பூவும் காபிப் பொடியும் வாங்க வரும் தமிழர்களுக்கும் அப்படியே.

காலை நடைக்கு அங்கே போகிற நான் சென்ற ஆகஸ்டில் வேறொரு காரியமாகப் போனேன். பையில் ஓர் ஆங்கிலக் கையேடு இருந்தது. பழைய கண்ணாடி இழைப் படகுகளில் விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்தால் எப்படிப் பழுது பார்ப்பது என்று மீனவர்களுக்குச் சொல்லும் நாற்பது பக்கப் புத்தகம். தமிழகக் கடற்கரையில் பயிற்சி நடத்தும் ஓர் அமைப்பு அதைத் தமிழாக்கித் தரச் சொல்லியிருந்தது. முடித்தும் விட்டேன். கவிதையை மொழிபெயர்த்தால் பத்துப் பேர் குறை சொல்வார்கள். கையேட்டை மொழிபெயர்த்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்ற தைரியம். ஆனாலும் ஒரு நெருடல். அதுவரை நான் எந்தப் படகின் அடிப்பாகத்தையும் கையால் தொட்டதில்லை.

ஏரிக்கரையில் துடுப்புப் படகுச் சங்கங்கள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கொட்டகையில் (எது என்பது இங்கே முக்கியமில்லை) ஒரு பழைய படகு மரத் தாங்கிகளின் மேல் கிடந்தது. ஊசி போல் ஒல்லியான பந்தயப் படகு அல்ல. புதிதாகத் துடுப்புப் பிடிக்கும் பிள்ளைகளை உட்கார வைக்கும் அகலமான பயிற்சிப் படகு. அதற்கு முப்பது வயது. அதைப் பழுது பார்க்க வந்திருந்த மிஸ்திரிக்கு அறுபது.

"உள்ளே வாருங்கள், திதி. ஆனால் எதையும் தொடாதீர்கள். உடம்பு அரிக்கும்" என்றார்.

'திதி' என்றால் வங்காளத்தில் அக்கா. ஊரிலிருந்து வந்த என் அம்மா, காய்கறிக்காரர் முதல் ரிக்ஷாக்காரர் வரை தன் மகளைத் 'திதி' என்று கூப்பிடுவதைக் கேட்டு முதல் நாள் கலங்கிப்போனார். பதிலுக்கு நான் அவர்களைத் 'தாதா' என்றதும் இன்னும் கலங்கினார்.

மிஸ்திரி பிறந்தது ஹூக்ளி மாவட்டத்து பலாகட். தலைமுறை தலைமுறையாக மரப்படகு கட்டும் ஊர். தொழில் பழகியது வட கொல்கத்தாவின் குமார்துலியில். களிமண் துர்கைக்குப் பேர்போன அந்த இடத்தில், கப்பலேறி வெளிநாட்டு வங்காளிகளிடம் போகும் துர்கைகளைக் கண்ணாடி இழையிலும் செய்கிறார்கள். பிறந்த ஊரில் பார்த்த படகும் பிழைக்க வந்த இடத்தில் கற்ற இழை வேலையும் சேர்ந்து அவரை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்திருக்கின்றன. "தேவி சிலையில் விரிசல் விட்டால் பெயின்ட் அடித்து மறைக்கலாம். படகில் மறைத்தால் யாராவது பதில் சொல்ல வேண்டும்" என்பது அவர் கட்சி.

இந்தப் படகில் அதைத்தான் செய்திருந்தார்கள். இரண்டு முறை விரிசலில் புட்டி வைத்து, தேய்த்து, மேலே வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். இரண்டு முறையும் சில வாரங்களில் தண்ணீர் மறுபடி உள்ளே வந்தது. விரிசல் கண்ணுக்குத் தெரிந்த இடம் வேறு, தண்ணீர் வந்த இடம் வேறு என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மிஸ்திரி வெளியிலிருந்து தேடவில்லை. படகுக்குள் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். அதற்கு மேல் ஊற்றினால் பாரம் தாங்காமல் புது விரிசல் விடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ அல்லவா? பிறகு அந்தத் தண்ணீரில் ஒரு சீசா ஆல்தாவைக் கவிழ்த்தார். வங்காளத்துப் பெண்கள் பாதத்தில் இட்டுக்கொள்ளும் செஞ்சாயம் அது. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் படகின் அடியில் ஒரு சிவப்புச் சொட்டு தொங்கியது. புட்டி வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.

"தண்ணீர் சந்து வழியாக வந்திருக்கிறது" என்றார்.

சந்து எங்கே இருக்கிறது என்று தெரிய, படகின் உடம்பு எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். கண்ணாடியை நூலிலும் மெல்லிய இழையாக இழுத்து, நறுக்கிப் பரப்பினால் 'மேட்'. பாய் போல முடைந்தால் 'ரோவிங்'. இவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசினில் ஊற வைத்து இறுகச் செய்ததுதான் படகு. வெளியே அரை மில்லிமீட்டர் அளவுக்கு 'ஜெல்கோட்' என்ற வழவழப்பான பூச்சு. ஜெல்கோட் தோல் மாதிரி. பலம் முழுவதும் உள்ளே இருக்கும் இழையில்தான். ஓரிடத்தில் இழை உடைந்து, அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தால் நடுவில் வழி உண்டாகிவிடும். தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து இன்னோரிடத்தில் வெளியே வரும்.

தண்ணீரை இறைத்துவிட்டு மிஸ்திரி ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். படகின் அடிப்பாகத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். நல்ல இடத்தில் 'டிங்' என்றது. அடுக்கு பிரிந்த இடத்தில் 'டொப்' என்றது. 'டொப்' என்ற இடங்களையெல்லாம் சாக்பீஸால் வளைத்தபோது கைக்குட்டை அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. கண்ணுக்குத் தெரிந்த விரிசலோ தலைமுடி கனம்தான்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி என் கையேட்டில் எட்டாம் பக்கத்தில் இருந்தது. நான் அதைப் படித்துத் தமிழாக்கியிருந்தேனே தவிர, அதன் அவசியம் புரிந்திருக்கவில்லை. விரிசல் ஏன் வந்தது? எதிலோ மோதியதால் வந்திருந்தால் நட்சத்திரம் போல நாலாபக்கமும் கீறல் ஓடும். படகு வளைந்து வளைந்து களைத்ததால் வந்திருந்தால் கீறல்கள் கோடு போட்டது போல வரிசையாக இருக்கும். இந்தப் படகில் வரிசையாக இருந்தன. உட்காரும் பலகையின் முனை உடம்பில் வந்து முட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே. முப்பது வருஷமாகப் பிள்ளைகள் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த முனை அதே இடத்தைக் குத்தியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் விரிசலை மட்டும் அடைத்தால், அடைப்பின் ஓரத்தில் அடுத்த விரிசல் வரும். பலகையின் பாரம் ஓரிடத்தில் குத்தாமல் பரவ, உள்பக்கம் ஒரு விலா எலும்பு கட்ட வேண்டும் என்று முடிவானது.

பிறகு கிரைண்டரை எடுத்தார். அதற்கு முன் அந்த இடத்தை அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்தார். மெழுகோ எண்ணெயோ இருந்தால் கிரைண்டர் அதையும் சேர்த்து உள்ளே அழுத்திவிடும். கமுச்சாவை மூக்கில் கட்டப் போனவரை நிறுத்தி, நான் வாங்கிப் போயிருந்த முகக்கவசத்தைக் கொடுத்தேன். கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை என்று கையேடு சொல்கிறது. நாற்பது வருஷ இருமலும் அதையே சொன்னது.

அவர் செய்த காரியத்தைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. தலைமுடி கனத்து விரிசலை அவர் பள்ளமாகத் தோண்டிக்கொண்டே போனார். படகின் கனம் 5 மில்லிமீட்டர். அதைப் போல 12 மடங்கு, அதாவது 60 மில்லிமீட்டர், ஒவ்வொரு பக்கமும் சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பது கணக்கு. பிரிந்த அடுக்கெல்லாம் போய் நல்ல அடுக்கு வரும் வரை தோண்டி, அங்கிருந்து சரிவு எடுத்தபோது பெரிய தாம்பாளம் அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

காரணம் எளிது. புதிதாகப் படகு கட்டும்போது அடுக்குகள் பச்சையாக இருப்பதால் ஒன்றோடொன்று கலந்து ஒரே பொருளாகின்றன. முப்பது வருஷம் முன்பு இறுகிய ரெசினோடு இன்று ஊற்றும் ரெசின் அப்படிக் கலக்காது. சொரசொரப்பில் பற்றிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். பற்றுகிற இடம் அகலமாக இருந்தால்தான் பிடி நிற்கும். விரிசலின் மேல் வைத்த புட்டிக்குப் பிடிக்கவே இடமில்லை.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. என் தமிழாக்கத்தில் அந்த இடத்தில் நான் எழுதியிருந்தது: 'விரிசலை நன்கு சுரண்டிச் சுத்தம் செய்து நிரப்பவும்.' சரிவுக் கணக்கு அடுத்த பத்தியில் வருகிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அவசரத்தில் இருக்கும் மீனவர் முதல் வரியைப் படித்ததும் எம்-சீல் வாங்கக் கிளம்பிவிடுவார். இரண்டு முறை புட்டி வைத்த ஆளும் அதைத்தானே செய்தார்?

ஏரியில் படகு ஒழுகினால் கரை இருநூறு கஜத்தில் இருக்கிறது. இந்தக் கையேடு போகப்போகும் இடம் அப்படிப்பட்டதல்ல.

தமிழகக் கரையில் நெடுங்காலம் கடலுக்குப் போனது கட்டுமரம். அதற்கு ஒழுகும் கவலை இல்லை. கட்டைகளின் இடுக்கில் தண்ணீர் வரும், போகும். கரையேறியதும் கட்டை அவிழ்த்துக் காயப்போடுவார்கள். பலகை வைத்துக் கட்டிய படகும் தன்னைத் தானே ஓரளவு பார்த்துக்கொள்ளும். காய்ந்தால் பலகை சுருங்கி ஒழுகும். தண்ணீரில் ஊறினால் உப்பி இடுக்கை மூடிக்கொள்ளும். மிச்ச இடுக்குகளில் பஞ்சும் கயிறும் திணிப்பதற்குத் தமிழில் 'கலப்பத்து' என்று ஒரு சொல் உண்டு. போர்ச்சுகீசியரோடு கரையேறிய சொல். பலாகட்டில் படகுக்குப் பூசும் 'காப்' பழச்சாறு பற்றி மிஸ்திரி சொன்னபோது, நம் ஊர்ப் பனிச்சைதான் அது என்று அவரிடம் சொன்னேன். மரத்துக்கு இப்படி இரண்டு மொழியிலும் வைத்தியமும் சொல்லும் இருந்தன. கண்ணாடி இழைக்கு எம்-சீல்தான் இருக்கிறது.

கண்ணாடி இழைப் படகு 1940-களில் அமெரிக்காவில் பிறந்தது. தமிழர் கடலுக்கும் அது புதிதல்ல. நார்வேயில் குடியேறிய யாழ்ப்பாணத்து அந்தோனி இராஜேந்திரம் முன்னின்று 1960-களின் இறுதியில் தொடங்கிய சீ-நோர் அமைப்பு, காரைநகரில் இந்தப் படகுகளைக் கட்டியது. தமிழகத்தில் இது பெருகியது 2004 டிசம்பர் 26-ன் சுனாமிக்குப் பிறகுதான். கட்டுமரம் இழந்தவர்களுக்கு உதவிக்கு வந்தவர்கள் ஃபைபர் படகு கொடுத்தார்கள். சில ஊர்களில் அதற்கு 'மாருதி' என்றே பெயர். 2005-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையாளருக்கு மொழிபெயர்ப்பாளராக நாகப்பட்டினம் கரையில் சுற்றியபோது, ஒரு புதுப் படகின் அடிப்பாகத்தைப் பெரியவர் ஒருவர் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். அது தகர டப்பா போல உள்ளே போய் வெளியே வந்தது. "கொடுத்தவங்களைக் குறை சொல்லக் கூடாதும்மா. ஆனா கடலுக்குப் போறது நாங்க" என்றார். படகு கொடுத்தவர்கள் அளவுக்கு அதைப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. அன்று வந்த படகுகளில் இன்னும் ஓடுவனவற்றுக்கு வயது இருபது ஆகிவிட்டது. மரம் போல இவை மக்கி மண்ணாவதில்லை. எரித்தால் நச்சுப் புகை. ஓட்டும்வரை ஓட்டுவதென்றால் ஒழுங்காக ஒட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெரியவரைத்தான் கொட்டகையில் நினைத்துக்கொண்டிருந்தேன். மிஸ்திரி குழியைத் துடைத்துவிட்டு, அதன் மேல் ஒரு கண்ணாடித்தாளை விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டினார்.

"நாளைக்கு வாருங்கள்."

மறுநாள் வெயில் ஏறியதும் தாளின் உள்பக்கம் பனித்துளி போல முத்து முத்தாகத் தண்ணீர். இழைக்குள் ஊறிக் கிடக்கிற ஈரம் அது. ஈரத்தின் மேல் ரெசின் பற்றாது. "காயட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டார். கொல்கத்தாவின் ஆகஸ்டில் காய வைப்பதாவது! சங்கத்துக்காரர் வந்தார். பூஜைக்கு முன் பயிற்சி தொடங்க வேண்டும், இரண்டு நாளில் முடியாதா, போன தடவை ஒரே நாளில் முடித்தார்களே என்றார். மிஸ்திரி வாதாடவில்லை. தாளைக் காட்டினார். பிறகு மெதுவாக, "இதில் உட்காரப்போவது பிள்ளைகள், பாபு" என்றார்.

அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது. 2022 மே 21 மாலை, கோடைக்காலத்தில் திடீரென்று அடிக்கும் 'கால்பைசாகி' புயலில் இந்த ஏரியில் ஒரு படகு கவிழ்ந்தது. பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த இரண்டு மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். அதற்குக் காரணம் காற்று, விரிசல் அல்ல. ஆனாலும் அந்த மாலைக்குப் பிறகு இந்தக் கரையில் 'பரவாயில்லை, ஓடும்' என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. சங்கத்துக்காரர் தாளை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனார். மின்விசிறி ஒன்றை அனுப்பி வைத்தார்.

பதினாறு நாள் ஆயிற்று. தாளில் துளி நின்ற பிறகுதான் ரெசின் டப்பா திறந்தது.

அன்றுதான் நான் இன்னொன்றைக் கவனித்தேன். கொட்டகையின் ஒரு கோடியில் ஒரு சீசா. மறு கோடியில், வாசலுக்கு அப்பால், இன்னொரு சீசா. ஒன்று ஊதா நிறத்தில் கோபால்ட். மற்றது தண்ணீர் போலத் தெளிந்த கேட்டலிஸ்ட். ரெசின் இறுக இரண்டும் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கைக்கு வசதியாக இருக்குமே என்று கேட்டேன்.

மிஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். "இரண்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், திதி. வெடிக்கவும் செய்யும்." குமார்துலியில் முதல் நாள் கற்ற பாடமே அதுதானாம். முதலில் ரெசினில் கோபால்ட்டை விட்டு நன்றாகக் கலக்க வேண்டும். அது முழுக்கக் கரைந்த பிறகு, கடைசியில், 1 முதல் 2 சதவீதம் கேட்டலிஸ்ட். குறைந்தால் இறுகாது, கூடினால் சூடேறி நொறுங்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். சில ரெசினில் கோபால்ட்டைக் கம்பெனியிலேயே கலந்து அனுப்புவார்கள். அதில் மறுபடி விடக் கூடாது.

அங்கேயே பையைத் திறந்து என் தமிழாக்கத்தை எடுத்தேன். பதினேழாம் பக்கம். 'கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் அளந்து கலந்து ரெசினில் சேர்க்கவும்.'

ஆங்கிலத்தில் அது மூன்று வாக்கியம். ஒன்றன்பின் ஒன்றாக, எண்ணிட்டு, தெளிவாகவே இருந்தது. படிக்க ஓட்டமாக இருக்கட்டும் என்று நான் ஒன்றாக்கியிருந்தேன். எம்.ஏ.யில் வினையெச்சத்துக்குப் பக்கம் பக்கமாக விடை எழுதியவள் நான். 'அளந்து', 'கலந்து': முன்னது முடிந்த பிறகே பின்னது நடக்கும் என்பது அதன் இலக்கணம். அளந்து, பிறகு இரண்டையும் கலந்து, பிறகு ரெசினில் சேர்க்க. நான் எழுதியதைச் சொல் பிசகாமல் பின்பற்றும் ஒரு மீனவப் பையன் ஊதாச் சீசாவையும் வெள்ளைச் சீசாவையும் ஒரே டப்பாவில் கவிழ்த்திருப்பான். வாக்கியம் இலக்கண சுத்தமாக இருந்தது. அதுதான் பயங்கரம்.

கொட்டகை வாசலிலிருந்தே அமைப்புக்குப் போன் செய்தேன். மறுநாள் அச்சுக்குப் போவதாக இருந்தது. நிறுத்தச் சொன்னேன். ஒரு வரிதானே, திருத்திவிடலாமே என்றார்கள். ஒரு வரியில்லை என்றேன். மிஸ்திரி புட்டியைப் பெயர்த்தது போல நாற்பது பக்கத்தையும் நாணயம் வைத்துத் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கெல்லாம் 'டொப்' என்றதோ, எங்கெல்லாம் புரியாததை ஓட்டமான தமிழால் பூசி மறைத்திருந்தேனோ, அங்கெல்லாம் தோண்டி எழுதினேன். 'விரிசலை நிரப்பவும்' போய், 'விரிசல் தெரியும் இடத்தை மட்டும் அடைக்காதீர்கள். நல்ல அடுக்கு வரும் வரை தேயுங்கள்' வந்தது. வினையூக்கி, முடுக்கி என்று நான் தேடிப் போட்ட தூய சொற்களை எடுத்துவிட்டு, கடையில் கேட்டால் கிடைக்கும் பெயரையே வைத்தேன். பதினேழாம் பக்கத்தில் மீண்டும் மூன்று வாக்கியம். கூடவே நான்காவதாக ஒன்று, தடித்த எழுத்தில்: 'கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் ஒருபோதும் நேராகச் சேரக் கூடாது.' இந்த வேலைக்கு எனக்கு இன்னொரு மாதம் ஆனது. கூலி அதேதான்.

இதற்கிடையே மிஸ்திரி குழியை அடுக்கடுக்காக நிறைத்தார். மேட்டை வைத்து, ரெசினைத் தடவி, இரும்பு உருளையால் காற்றுக் குமிழ்களை நசுக்கி வெளியேற்றினார். ரெசினைத் தாராளமாக ஊற்றினால் பலம் என்று நினைப்பது தவறு. மிச்ச ரெசின் வெறும் கண்ணாடி, உடையும். உள்ளே விலா எலும்பு கட்டி, வெளியே ஜெல்கோட் பூசி, தேய்த்து முடித்தபோது பழுது பார்த்த இடம் தடவினால்கூடத் தெரியவில்லை. மறுபடி நான்கு விரல் தண்ணீர், மறுபடி ஆல்தா. ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்தார். காலையில் அடிப்பாகத்தைக் காகிதத்தால் துடைத்துக் காட்டினார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

பூஜை முடிந்து பயிற்சி தொடங்கியது. கையேடும் அச்சாகி வந்தது. ஒரு பிரதியைக் கொண்டுபோய் மிஸ்திரியிடம் கொடுத்தேன். தமிழெழுத்தை ஜிலேபி பார்ப்பது போலப் பார்த்தார். படங்களைப் புரட்டி, ஒன்றிரண்டில் தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"இதைப் படித்து ஒருவர் படகைப் பழுது பார்த்துவிட முடியுமா, திதி?"

"முடியாது, தாதா. பக்கத்தில் உங்களைப் போல ஒருவர் வேண்டும். ஆனால் இதைப் படித்து ஒருவர் கையைப் பொசுக்கிக்கொள்ளவும் முடியாது."

"அப்படியென்றால் சரி" என்று சொல்லி, புத்தகத்தைக் கோபால்ட் சீசாவுக்கு எதிர்க் கோடியில் வைத்தார்.